ஸ்கெட்ச்புக்கில் தமிழ் லெட்டரிங்: ஒரு சொல்லைக் கிறுக்கலிலிருந்து முழு வடிவம் வரை கொண்டுபோவது எப்படி?

தமிழில் ஒரு தலைப்போ கடைப்பெயரோ வேண்டும் என்றால் இன்று முதலில் நடப்பது எழுத்துருப் பட்டியலை மேலும் கீழும் உருட்டுவதுதான். அவசர வேலைக்கு அது போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகவே வரைந்த எழுத்து, அதாவது லெட்டரிங், வேண்டும் என்றால் கணினியை மூடிவிட்டு நோட்டைத் திறக்க வேண்டும். எழுத்துரு எந்தச் சொல்லிலும் போய் உட்காரும்படி செய்யப்பட்டது. கையால் வரையும்போது அந்தக் கட்டாயம் இல்லை. பக்கத்தில் எந்த எழுத்து நிற்கப்போகிறது என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் வரையலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே சொல்லை வைத்துக்கொள்வோம்: தேநீர். ஒரு சின்ன டீக்கடையின் பலகைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குட்டிச் சொல்தான். ஆனால் கொம்பு, மேல்விலங்கு (இகர, ஈகாரத்துக்கு மெய்யின் தலையில் வரும் வளைவு), சுழி, வால், புள்ளி என்று தமிழ் எழுத்தில் மண்டையைக் குடையும் விஷயங்களில் முக்கால்வாசி இதற்குள் இருக்கின்றன.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை எப்படி வரைவது என்பதற்கான யோசனை அந்தச் சொல்லின் வடிவத்துக்குள்ளேயே கிடக்கிறது. பூ, கொடி, நிழல், மினுமினுப்பு எல்லாம் அதற்கப்புறம்தான். அதைத் தோண்டி எடுக்கும் இடம்தான் ஸ்கெட்ச்புக். அதனால் பக்கங்கள் அழகாக இருக்க வேண்டியதில்லை. இணையத்தில் காட்டுவதற்காக நிரப்பிய நோட்டில் வேலை நடப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

நோட்டும் கருவிகளும்

நோட்டுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். விலை கூடிய நோட்டு என்றால் முதல் பக்கத்தில் கை வைக்கவே தயக்கம் வரும். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் ஏ4 அளவில், மேசையில் தட்டையாகக் கிடக்கும் ஸ்பைரல் நோட்டாகப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் அகலமானவை. 'திருநெல்வேலி' என்று ஒரே வரியில் கொஞ்சம் பெரிதாக எழுதிப் பார்த்தால் ஏ5 தாளின் 148 மி.மீ. அகலம் எவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று தெரியும். சின்ன ஏ5 நோட்டு பையில் போட்டுக்கொண்டு தெருவில் பார்ப்பதைக் குறித்துவைக்க நல்லது.

பென்சிலுக்கும் மெல்லிய பேனாவுக்கும் 100 முதல் 120 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள் போதும். பிரஷ் பேனாவோ மையோ பயன்படுத்துவீர்கள் என்றால் 160-க்கு மேல் போங்கள். இல்லாவிட்டால் பின்பக்கம் வரை ஊறிவிடும். கோடு போட்ட நோட்டு வேண்டாம்.

எச்பி பென்சில் ஒன்று, 2பி ஒன்று, ரப்பர், 30 செ.மீ. ஸ்கேல், டிரேசிங் பேப்பர், தண்ணீரில் கரையாத மை உள்ள 05 அளவுப் பேனா ஒன்று. தொடங்க இவ்வளவு போதும். பட்டை முனைப் பேனா இருந்தால் ரொம்ப நல்லது. பைலட் பேரலல் பேனாவில் 3.8 மி.மீ., 6.0 மி.மீ. முனைகள் லெட்டரிங்குக்குத் தோதானவை. விலை இடித்தால் கவலை வேண்டாம். இரண்டு பென்சில்களை ஒட்டவைத்து, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்கள். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் தாளைத் தொடும்படி பிடித்து எழுதினால் இரட்டைக் கோடாக விழும். நடுவில் இருக்கும் இடம்தான் பட்டைப் பேனா போட்டிருக்கக்கூடிய கோட்டின் தடிமன். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று கண்ணாடி மாதிரி தெரியும். கையைத் திருப்பாமல், முனையை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் விதி.

படி 1: கடைசிப் பக்கத்திலிருந்து சேகரிக்கத் தொடங்குங்கள்

நோட்டின் முன்பக்கம் உங்கள் வரைவுகளுக்கு. பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி, வெளியில் பார்த்த எழுத்துகளுக்கு. இரண்டும் நடுவில் எங்கேயாவது சந்திக்கும்போது புது நோட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஃபிளெக்ஸ் வந்தபிறகு கையால் எழுதிய பலகைகள் குறைந்துவிட்டன, ஆனால் தீர்ந்துவிடவில்லை. லாரியின் பின்பக்கம், பழைய சலூன் பலகை, ரேஷன் கடைச் சுவர், கட்சி விளம்பரச் சுவர், பள்ளிக்கூட வாசல், மீன்பிடிப் படகின் பக்கவாட்டு என்று கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் அன்று இரவே அதில் ஓர் எழுத்தையாவது பார்த்து நோட்டில் வரையுங்கள். வரையும்போதுதான் "இந்த 'ண'வின் மூன்றாவது சுழியை இவர் ஏன் இவ்வளவு சின்னதாக்கினார்?" என்ற கேள்வி வரும், படத்தை வெறுமனே பார்த்தால் வராது.

சுவரில் எழுதும் பெயிண்டர் வேலை செய்வதைப் பார்க்க வாய்த்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பொடியில் தோய்த்த நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துச் சுண்டி, மேலே ஒன்று கீழே ஒன்று என்று கோடு போட்டுக்கொள்வார். எழுத்தின் உடம்பு அந்த இரண்டு கோட்டுக்குள் நிற்கும். புள்ளியும் விலங்கும் மேல்கோட்டுக்கு வெளியே போகும், வால்கள் கீழ்க்கோட்டுக்கு வெளியே போகும். எவ்வளவு வெளியே என்பதை அவர் கண்ணளவில் வைத்துக்கொள்வார். நாம் நோட்டில் ஸ்கேல் வைத்துச் செய்யப்போவதும் இதைத்தான்.

அச்சிலும் தேடுங்கள். பழைய வார இதழ்களில் தொடர்கதைத் தலைப்புகள் கையால் வரைந்தவை. கதைக்குக் கதை எழுத்து மாறும். ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) சிற்றிதழ்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்த தலைப்பு எழுத்துகள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1978-க்கு முந்தைய புத்தகங்களில் வேறொரு புதையல் இருக்கிறது. பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் புகுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்றது. அதற்கு முன்பு ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் துதிக்கை மாதிரி வளைந்த வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குக் கால் தனியாக நிற்காத ஒட்டு வடிவமும் இருந்தன. வரைவதற்கு அருமையான வடிவங்கள். ஆனால் இன்றைய இளம் வாசகர் தடுமாறக்கூடும் என்பதால் பலகையில் போடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

கோயிலுக்குப் போனால் சுவரையும் பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளம் முழுக்க ஓடும் சோழர் காலக் கல்வெட்டு எழுத்துகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது. உளியில் வெட்டியதால் கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் வரும். கருவி மாறினால் எழுத்தின் குணம் எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஒவ்வொரு பக்கத்திலும் எங்கே பார்த்தது, எந்தக் கருவியில் எழுதியதாகத் தெரிகிறது, எது வித்தியாசமாகப் பட்டது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பிறகு பார்க்கும்போது வெறும் படம்தான் மிஞ்சும்.

படி 2: உறுப்புப் பக்கம் ஒன்று போடுங்கள்

இரண்டு முழுப் பக்கங்களை இதற்கு ஒதுக்குங்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. அதற்குப் பதிலாக மூன்று அடுக்குகள் இருக்கின்றன. நடு அடுக்கில் எழுத்தின் உடம்பு. மேல் அடுக்கில் புள்ளியும் மேல்விலங்கும். கீழ் அடுக்கில் ர, ற, ழ, த, ந போன்றவற்றின் வாலும், பல உகர வடிவங்களும். ஆக நான்கு கோடுகள். இந்த நான்கையும் போட்டுக்கொண்டு உயிரையும் மெய்யையும் உங்கள் சாதாரணக் கையெழுத்தில் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.

பிறகு ஒரே சாயல் உள்ளவற்றைச் சேர்த்துச் சேர்த்து எழுதுங்கள். ட, ப, ம, ய ஒரு கூட்டம்: நேர்க்கோடும் மூலையும். வ, ல, ள, ன, ண இன்னொன்று: வளைவும் சுழியும். க, ச, த ஆகியவற்றின் இடப்பக்கம் கிட்டத்தட்ட ஒன்றே. த, ந இரண்டின் வாலும் வலப்பக்கம் இறங்கி இடப்பக்கம் திரும்பும். ஒரு கூட்டத்தில் ஒன்றுக்கு எடுத்த முடிவு மற்றவற்றுக்கும் பொருந்த வேண்டும். தவின் வாலைக் கூராக முடித்துவிட்டு நவின் வாலை உருண்டையாக முடித்தால் இரண்டு பேர் எழுதியதுபோல இருக்கும்.

குழப்பம் தரும் சோடிகளுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். ரவின் சாய்ந்த காலை வெட்டிவிட்டால் அது துணைக்கால் ஆகிவிடும். மூணு சுழி ணவில் ஒரு சுழி அடைத்துக்கொண்டால் ரெண்டு சுழி ன ஆகிவிடும். எ, ஏ இரண்டையும் பிரிப்பது அடியில் ஒரு சின்ன இழுப்பு. ஒ, ஓ அப்படித்தான். இந்த நெடில்–குறில் வேறுபாடு இன்றைய உருவில் நிலைத்ததற்குக் காரணம் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம். அவ்வளவு சின்ன அடையாளத்தில் அவ்வளவு பெரிய வேறுபாடு தொங்குகிறது. லெட்டரிங்கில் எதை வேண்டுமானாலும் வளைக்கலாம், இந்த அடையாளங்களைத் தொலைக்காத வரை.

எழுத்துருக்களைப் பார்ப்பதும் தப்பில்லை. 'மீரா இனிமை', 'அரிமா மதுரை', 'பாலூ தம்பி' மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை. மூன்றிலும் ஒரே ழவைப் பெரிதாக்கிப் பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் வரைந்து பாருங்கள். நகலெடுக்க இல்லை, ஒரே எழுத்து எவ்வளவு தூரம் மாறியும் ழவாகவே இருக்கிறது என்று அளக்க.

படி 3: சொல்லைக் கையெழுத்தில் எழுதித் தள்ளுங்கள்

இனி நம் சொல்லுக்கு வருவோம். ஒரு பக்கம் முழுக்க 'தேநீர்' என்று எழுதுங்கள். வேகமாக, மெதுவாக, பெரிதாக, பொடியாக, இடது கையால், 2பி பென்சிலைப் படுக்கவைத்து, பட்டை முனையில். வடிவமைக்கிறோம் என்ற நினைப்பே வேண்டாம்.

பக்கம் நிரம்பியதும் வேறு நிறப் பேனாவால், கை தானாகச் செய்த சுவாரசியமான இடங்களை வட்டமிடுங்கள். நீயின் விலங்கு வேகத்தில் ரவின் தலையைத் தொட்டிருக்கலாம். தேவின் கொம்பு மற்றவற்றைவிட உயர்ந்திருக்கலாம். இவை உங்கள் கைக்கே உரியவை. எந்த எழுத்துருவிலும் கிடைக்காது.

அப்புறம் சொல்லை ஒரு தடவை பெரிதாக எழுதி, உறுப்பு உறுப்பாகப் பாருங்கள். 'தேநீர்' என்பதில் கீழே என்ன இருக்கிறது? தவின் வால், நவின் வால், ரவின் சாய்ந்த கால். மூன்று இறக்கங்கள், மூன்றும் இடப்பக்கம் நோக்கி. மேலே? ஏகாரக் கொம்பின் சுழி, ஈகார விலங்கின் சுழி, ரகரத்தின் புள்ளி. மூன்று உருண்டைகள். இதை நாம் சேர்க்கவில்லை, சொல்லிலேயே இருக்கிறது. இப்படி ஒரு கண்டுபிடிப்பு கிடைத்ததும் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: "கீழே மூன்று வால், மேலே மூன்று உருண்டை." இனிமேல் வரும் முடிவுகள் பலவும் இந்த வரியிலிருந்து கிளைக்கும்.

படி 4: சின்னக் கட்டங்கள்

லெட்டரிங்கில் எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், பலரும் தாண்டிக் குதிப்பதும் இதைத்தான். ஏ4 பக்கத்தில் 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்தில் பன்னிரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கட்டளை. கட்டளை இல்லாமல் "புதுசா ஏதாவது" என்று உட்கார்ந்தால் பன்னிரண்டும் ஒன்று போலவே வரும்.

முதல் மூன்று கட்டங்களில் எல்லோருக்கும் தோன்றுவது உங்களுக்கும் தோன்றும்: புள்ளியிலிருந்து ஆவி பறக்கும், ஏதாவது ஓர் எழுத்து டீ கிளாஸாக மாறும், விலங்கு கோப்பையின் கைப்பிடியாகும். வரைந்து தீர்த்துவிடுங்கள். வரையாமல் விட்டால் மனசுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

நான்காவதிலிருந்து கட்டளைகள் தொடங்கட்டும். நேர்க்கோடே இல்லாமல் ஒன்று. நேர்க்கோடு மட்டும் வைத்து ஒன்று. சுழிகள் எல்லாம் சதுரமாகும், ஏகாரக் கொம்பு விநோதமாக வரும், பரவாயில்லை. உடம்பை ஒல்லியாக நெட்டையாக்கி ஒன்று. குட்டையாக அகலமாக்கி ஒன்று. இரட்டைப் பென்சிலில் ஒன்று. தகரத்தில் வெட்டிய அச்சு போல, சுழிகள் மூடாமல் பாலம் விட்டு ஒன்று. லாரிப் பலகைப் பாணியில் தடித்த எழுத்தும் பக்க நிழலுமாக ஒன்று. மூன்று வால்களும் ஒரே கோணத்தில் இணையாக ஓடும்படி ஒன்று. ஏதாவது ஒரு வாலை மட்டும் நீட்டி ஒன்று. இதோடு பன்னிரண்டு ஆகிவிட்டது.

'தே' மேலே, 'நீர்' கீழே என்று இரண்டு வரியாகப் போட்டால் என்ன என்றும் தோன்றும். இடம் இருந்தால் ஓரத்தில் போட்டுப் பாருங்கள். மேல்வரித் தவின் வால் இறங்கும் இடத்துக்குத்தான் கீழ்வரியின் விலங்கும் புள்ளியும் ஏறி வரும். தமிழில் இரண்டு வரி அடுக்கும்போது எப்போதும் வரும் மோதல் இது. ஒன்று வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் வாலும் விலங்கும் ஒன்றின் இடுக்கில் இன்னொன்று போய் உட்காரும்படி வார்த்தையை இடவலமாக நகர்த்த வேண்டும். இரண்டாவது வழி கைகூடினால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும்.

கட்டங்கள் முடிந்த கையோடு தேர்ந்தெடுக்க வேண்டாம். நோட்டை மூடிவிட்டு மறுநாள் பாருங்கள். தூரத்தில் வைத்தாலும் 'தேநீர்' என்று படிக்க முடிகிறதா, அதே சமயம் வேறு எந்தச் சொல்லுக்கும் இந்த வடிவம் அப்படியே பொருந்தாதா? இரண்டுக்கும் ஆம் என்று வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒற்றை வாலை நீட்டிய கட்டம். காரணம் இருக்கிறது. ஏகாரக் கொம்புக்குக் கீழே எதுவும் இறங்குவதில்லை. அந்த மூலை காலியாகக் கிடக்கிறது. அதற்கு அடுத்து நிற்கும் தவின் வாலோ இடப்பக்கம்தான் திரும்புகிறது. அதைக் கொஞ்சம் நீட்டினால் கொம்பின் அடியில் ஓடி, கோப்பைக்கு அடியில் சாஸர் மாதிரி நிற்கும். தேநீருக்குத் தேவையான படம் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாகக் கோப்பை வரைய வேண்டியதில்லை.

படி 5: நான்கு கோடு போட்டு, ஒற்றைக் கோட்டில் பெரிதாக வரையுங்கள்

ஏ4 தாளைப் படுக்கைவாக்கில் வையுங்கள். உடம்புக்கு 50 மி.மீ., மேல் அடுக்குக்கு 20, கீழ் அடுக்குக்கு 20. எச்பி பென்சிலால் மெல்லிசாகக் கோடு போடுங்கள். செங்குத்தாகவும் சில வழிகாட்டிக் கோடுகள் வேண்டும். இல்லாவிட்டால் நவும் ரவும் ஆளுக்கொரு பக்கம் சாயும்.

சொல்லை இன்னும் தடிமன் இல்லாமல், ஒற்றைக் கோட்டில் வரையுங்கள். இந்தக் கட்டத்தில் சரி செய்வது சுலபம், பிறகு கஷ்டம். நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

அகலம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரிதான் இருக்கும், இருக்கவும் வேண்டும். ர ஒல்லி, த அகலம். எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்தால் ர இழுத்துக் கட்டியதுபோல் தெரியும்.

வளைவுகள் கோட்டை மயிரிழை தாண்ட வேண்டும். உருண்டையான பகுதி கோட்டைத் தொட்டதோடு நின்றால் கண்ணுக்குக் குட்டையாகத் தெரியும்.

வால்களின் கோணம். நீட்டிய தவின் வால் தனி. நவின் வாலையும் ரவின் காலையும் அதற்குப் போட்டியாக விடாதீர்கள். இரண்டையும் குட்டையாக, ஒரே கோணத்தில் முடியுங்கள்.

உருண்டைகளின் அளவு. புள்ளியின் விட்டத்தையும் இரண்டு சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையின் விட்டத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மூன்றும் உறவினர்கள் என்று கண் உடனே கண்டுகொள்ளும்.

படி 6: தடிமன் ஏற்றுவது

ஒரே தடிமனா, தடித்து மெலியும் கோடா என்று முடிவு செய்யுங்கள். டீக்கடைப் பலகைக்கு நான் ஒரே தடிமனைத்தான் எடுப்பேன். தூரத்தில் தெரியும், பெயிண்டரும் சுலபமாக எழுதுவார். தடித்து மெலிய வேண்டும் என்றால் இரட்டைப் பென்சிலை 30 முதல் 40 பாகைச் சாய்வில் பிடித்து ஒரு தடவை எழுதி, எது தடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனசுக்குத் தோன்றிய இடத்தில் தடிமன் கூட்டினால் எழுத்து நோஞ்சானாகவும் வீங்கியும் ஒரே நேரத்தில் தெரியும்.

எவ்வளவு தடிமன்? சுழிக்குள் இருக்கும் வெள்ளை கோட்டின் தடிமனைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. உடம்புக்கு 6 மி.மீ. கோடு நல்ல தொடக்கம். சொல்லில் ணவோ ஞவோ இருந்தால் 5-க்கு இறங்குங்கள். தமிழில் தடித்த எழுத்து வரைவது சவாலான வேலை. சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். அப்போது சுழியைப் பெரிதாக்குங்கள், அல்லது சுழி இருக்கும் இடத்தில் மட்டும் கோட்டைச் சிறிது மெலிய விடுங்கள். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஒற்றைக் கோட்டின் இரண்டு பக்கமும் 3 மி.மீ. தள்ளிப் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சேர்த்து வெளிக்கோடு வரையுங்கள். தாளைச் சுழற்றிக்கொண்டே வரையுங்கள். கை எப்போதும் தனக்கு வசதியான பக்கமாக வளைக்கட்டும்.

படி 7: டிரேசிங் பேப்பரும் இடைவெளியும்

இங்கே ரப்பரைக் கீழே வையுங்கள். பென்சில் வரைவின் மேல் டிரேசிங் பேப்பரைப் போட்டு, சரியானதை மட்டும் நகலெடுத்து, தப்பானதை மேல்தாளில் திருத்துங்கள். அதன் மேல் இன்னொரு தாள். பழைய தாள்களைத் தேதி போட்டு நோட்டுக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். மூன்றாவது தாள் முதலாவதைவிட மோசமாகப் போவதும் உண்டு. அப்போது திரும்பிப் போக வழி இருக்கும்.

எழுத்துகளைத் தனித்தனித் துண்டுத் தாளில் எடுத்தால் இடைவெளியை நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். தமிழில் இடைவெளிக்கு ஒரு தனி விதி உண்டு. கொம்பும் துணைக்காலும் தனி எழுத்துகள் இல்லை, அவை தங்கள் மெய்யோடு ஒட்டியிருக்க வேண்டும். 'தேநீர்' என்பதில் கொம்புக்கும் தவுக்கும் நடுவில் இருக்கும் இடம், தேவுக்கும் நீக்கும் நடுவில் இருப்பதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். கணினியில் எழுத்து இடைவெளியைக் கூட்டும்போது கொம்பு ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும் போஸ்டர்களைப் பார்த்திருப்பீர்கள். கையால் வரையும்போது அந்தக் கொடுமையைத் தவிர்ப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மற்றபடி இடைவெளியை ஸ்கேலால் அளக்காதீர்கள். இரண்டு எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளையின் பரப்பைப் பாருங்கள். ட போன்ற திறந்த எழுத்துக்குப் பக்கத்தில் நெருக்கமாகவும், இரண்டு செங்குத்துக் கோடுகள் அருகருகே வரும் இடத்தில் தாராளமாகவும் வைக்க வேண்டும்.

இப்போது சோதனை. தாளைத் தலைகீழாகத் திருப்புங்கள். சொல்லைப் படிக்க முடியாததால் வடிவம் மட்டும் தெரியும், எங்கே கனம் கூடுகிறது என்று புலப்படும். டிரேசிங் பேப்பரைப் புரட்டி ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் அப்பட்டமாகக் காட்டிக்கொடுக்கும். சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். கடைசியாக, என்ன சொல் என்று சொல்லாமல் வீட்டில் யாரிடமாவது காட்டுங்கள். "இது என்ன டிசைன்?" என்று கேட்டால் போச்சு. தயங்காமல் படித்துவிட்டால் நீட்டிய வால் தாங்கும் என்று அர்த்தம்.

படி 8: மை

டிரேசிங் பேப்பரின் பின்பக்கம் 2பி பென்சிலால் தேய்த்து, நல்ல தாளின் மேல் வைத்து, வெளிக்கோட்டின் மேல் அழுத்தி வரைந்தால் கீழே பதியும். 05 பேனாவால் வெளிக்கோடு, பிறகு உள்ளே நிரப்பல். நீண்ட வளைவுகளை விரலால் இல்லாமல் முழங்கையால் இழுங்கள். தவின் வால் போன்றவற்றை ஒரே மூச்சில் போட வேண்டும். மை காய்ந்தபின் பென்சில் கோட்டை அழியுங்கள்.

பக்க நிழல் வேண்டும் என்றால் ஒரு சுலப வழி. டிரேசிங் தாளைச் சாய்வாக 4 மி.மீ. நகர்த்தி, அதே வெளிக்கோட்டை மறுபடி பதித்து, மூலைகளைச் சேருங்கள். நிழல் எல்லா எழுத்துக்கும் ஒரே பக்கம் தானாக விழும். ஆனால் சுழிகளுக்குள் நிழலை விட்டால் அடைத்துக்கொள்ளும். அங்கே மட்டும் விட்டுவிடுவது நல்லது.

படி 9: கணினிக்கு

600 டிபிஐ-யில் கறுப்பு–வெள்ளையாக ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லை என்றால் பகல் வெளிச்சத்தில் போனை நேர் மேலே பிடித்து எடுங்கள். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் 'டிரேஸ் பிட்மேப்' போட்டால் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக மாறும். வெளிக்கோட்டைப் பிடித்து வளைக்கும் புள்ளிகள் (நோடுகள்) தேவைக்கு மேல் குவிந்திருக்கும், அவற்றைக் குறைத்து வளைவுகளைச் சீராக்குங்கள். பேனா கருவியால் நீங்களே மேலே வரைவது இன்னும் சுத்தமாக வரும், நேரம்தான் கூடும். ரொம்பவும் மழமழவென்று ஆக்கிவிட்டால் கையால் வரைந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

நோட்டைத் தொடர்ந்து பயன்படுத்த

யோசனை வராத நாளில் கடினமான எழுத்துகள் உள்ள சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'கண்ணாடி'யில் ண இரண்டு முறை வந்து அடைக்கும். 'பட்டம்' பெரும்பாலும் நேர்க்கோடு. வளைவு அதிகம் இல்லாமல் எப்படி மென்மை கொண்டுவருவது என்று யோசிக்க வைக்கும். 'ஞாயிறு' என்பதில் ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு குடும்பம். 'குழு', 'முறுக்கு' போன்றவற்றில் உகரம் ஒவ்வொரு மெய்யோடும் எத்தனை விதமாக ஒட்டுகிறது என்று பார்க்கலாம். ஒரே சொல்லை இரண்டு குணத்தில் வரைவதும் நல்ல பயிற்சி: 'வா' என்பதை அம்மா கூப்பிடுவதுபோல ஒரு தடவை, சண்டைக்கு அழைப்பதுபோல ஒரு தடவை.

எந்தப் பக்கத்தையும் கிழிக்க வேண்டாம். தேர்ந்தெடுக்காமல் விட்ட பதினொரு கட்டங்களும் செத்தவை இல்லை. நேர்க்கோடு மட்டும் வைத்து வரைந்த அந்தச் சதுரச் சுழி 'தேநீர்' என்பதற்குப் பொருந்தவில்லை. ஒரு மரப் பட்டறையின் பலகைக்கு அது கச்சிதமாக உட்காரலாம். அதனால் நோட்டு நிரம்பியதும் முதல் அட்டையின் உட்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டு வையுங்கள்: பக்க எண், என்ன சொல், எந்தக் கட்டளை, எதற்குப் பயன்படலாம். அடுத்த வேலை வரும்போது வெள்ளைத் தாளுக்கு முன் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.